சாவு விழக்கூடாத லைன் வீடு

லைன் வீட்டுக்கு மேனேஜர் என்றால், முதலாளியிடம் திட்டும் குடித்தனக்காரரிடம் சாபமும் ஒரே காதால் வாங்குகிறவன் என்று அர்த்தம். வாடகை வீட்டில் அல்லாடிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் முளைத்தபோது, எங்கள் முதலாளி கழனியை மேடாக்கி வரிசையாக ரூம் கட்டினார். சாவி என்னிடம்.

கடைசி ரூம்

மூட்டை தூக்கும் தேவசகாயம், மனைவி மேரியையும் அப்பா சின்னப்பனையும் கூட்டிக்கொண்டு ரூம் கேட்டு வந்தார். "ஊர்ல எந்தப் பக்கம் ஊடு?" என்றார் முதலாளி. அந்தக் கேள்வி எதற்கென்று நமக்கெல்லாம் தெரியும். பதில் வந்ததும், கக்கூஸை ஒட்டின ரூமைக் காட்டச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. தேவசகாயம் சொன்னார்:

"ஊர்லயும் கடைசிதான் சார், இங்க சுவராவது கீது."

வேகிற கூரை

சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலாய்க் கொதித்தது. மேலே தென்னங்கீற்று பரப்பிக்கொள்ளலாமா என்று மேரி கேட்டார். "மாடர்னா கட்டிக் குடுத்தா, குடிசையாக்கப் பாக்குறாங்களா?" என்று குதித்தார் முதலாளி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. முடியாதாம் என்று நான் வந்து சொன்னதும் மேரி சொன்னது:

"எங்க குடிசை ஒழுகும் சார், ஆனா மனுசனை வேக வெக்காது."

கொட்டாய்

ஐப்பசியில் சின்னப்பன் படுத்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டில்? "என் ரூமுல சாவு விழக்கூடாது. அப்புறம் எவன் குடி வருவான்?" என்றார் முதலாளி. கெஞ்சிப் பார்த்தேன். பாவி மனுஷன் மசியவில்லை. கொல்லையில் கீற்றுக் கொட்டாய் போட்டு, கிழவரைக் கட்டிலோடு தூக்கிவைத்தோம். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கழனியிலகூட மழை வந்தா ஒதுங்கச் சொல்லுவாங்க நைனா, இங்க மழையில வெளிய போடறாங்களே."

அங்கேயேதான் போய்ச் சேர்ந்தார்.

புதுக் குடித்தனம்

காரியம் முடிந்து கொட்டாயைப் பிரிக்கப் போனேன். "பிரிக்காதே, வாடகைக்கு விடு" என்றார் முதலாளி. எளாவூரில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் ஒருவர் பெண்டாட்டியோடு வந்து கேட்டார். இங்கே இப்போதுதான் ஒருவர் செத்தார் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"மனுசன் சாவாத எடம் எங்க சார் கீது? இன்னைக்கே வந்துடட்டுமா?"

ஆக, எங்கள் லைனில் சாவுக்குப் பயந்த ஆள் ஒருவர்தான், அவரும் அங்கே குடியிருக்கவில்லை.