நனைத்துப் பார்க்காத துணி

பிரேமாவதிக்குக் கோபம் தலைக்கேறினால் முதலில் வாய் பேசாது. கையில் கிடைக்கிற துணியை இழுக்க ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செமிலிங் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த திருவிழாக் கூட்டத்தில், இளமஞ்சள் பனியன் துணித் துண்டு ஒன்று அவளிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது.

பாடாங் மேஹாவில் பிறந்தவள். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, சுங்கைப் பட்டாணியில் ஓர் ஆடை ஆலையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். முதலில் வெட்டுகிற மேசை, பிறகு துணி சோதிக்கிற மேசை. சுருளைப் பிரித்த கையோடு பின்னல் துணியை வெட்டவே மாட்டாள். ஒரு நாள் முழுக்க மேசையில் கிடக்கவிட்டு, அது தன்பாட்டுக்குச் சுருங்கிய பிறகுதான் கத்தரியை எடுப்பாள். அவசரப்பட்டால் முதல் சலவையிலேயே சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிவிடும் என்பாள். ஆலையை மூடியதும் பீடோங்கில் ஒரு மாடிக்கடையை எடுத்து, நாலு மெஷின் போட்டு, பள்ளிக்கும் கோயிலுக்கும் டீ-சட்டை தைத்துக் கொடுக்கிறாள்.

போன பங்குனி உத்திரத்துக்குக் கோயில் தலைவர் பழனியாண்டியே துணியை எடுத்து வந்து கொடுத்தார். இளமஞ்சள், மெல்லிசு, தொட்டால் வழுவழு என்று இருக்கும். தொண்டர் பெண்களுக்கு அதில்தான் சட்டை. அந்தப் பெண்களுக்கு என்ன வேலை? பால்குடம் எடுத்து வருகிறவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஊற்றுகிறவள் நனையாமல் இருப்பாளா? பத்து மணிக்குள் அத்தனை பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. பத்து வருஷமாகக் கோயிலுக்கு ஓடியாடி உழைக்கிற குணசுந்தரி, குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மடப்பள்ளிக்குள் ஓடினாள். எந்தத் தறுதலையோ அதையும் போனில் பிடித்து வாட்சப்பில் விட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் பீடோங் முழுக்கப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு குணசுந்தரி கோயில் பக்கமே வரவில்லை.

இந்த வருஷக் கூட்டத்துக்கும் அதே துணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்! வயிறு எரியாதா?

“தலைவரே, இது ஒத்தப் பின்னல். காஞ்சிருந்தா அழகா இருக்கும், நனைஞ்சா கண்ணாடி. ரெட்டப் பின்னல் எடுங்க, இண்டர்லாக்குன்னு கேட்டா குடுப்பான். கனமும் இருக்கும். கலரும் அரக்கு மாதிரி அழுத்தமா எடுங்க.”

“மஞ்சள்தான்மா மங்களம். உள்ளுக்கு இன்னொரு பாஜு போட்டுக்கட்டும் லா. இது ஒரு பெரிய விஷயமா?”

பங்குனி வெயிலில் சட்டைக்குள் இன்னொரு சட்டையாம்! போட்டுக்கொள்ளப் போகிறவர் இவரா? பிரேமாவதி பையைத் திறந்தாள். அதே துணிதான் என்று முன்னாலேயே காதில் விழுந்ததால், போன வருஷத்து மிச்சத் துணியில், அவர் அளவிலேயே தைத்து எடுத்து வந்த சட்டை ஒன்று உள்ளே இருந்தது.

“போட்டுப் பாருங்க தலைவரே. உங்களுக்குன்னே தைச்சது.”

தலைவருக்கு வாயெல்லாம் பல். தூணுக்குப் பின்னால் போய், மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி, அவர் கழுத்துக்குக் கீழே அப்படியே கவிழ்த்தாள் பிரேமாவதி. தொப்பை, தொப்புள், அரைஞாண் கயிறு எல்லாம் சபைக்கு வந்தன. தலைவர் இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டார். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

“சிரிக்காதீங்க!” என்று கத்தினாள். “போன வருஷமும் இப்படித்தான் சிரிச்சீங்க. இனிமே இந்தத் துணிய வெட்டச் சொல்றவன் கையிலேயே கத்தரியக் குடுத்துட்டுப் போயிருவேன்!”

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பழனியாண்டி, “எழுதிக்கங்க. அரக்குக் கலரு, ரெட்டப் பின்னல்,” என்று செயலாளரிடம் முணுமுணுத்தார்.

மறுநாள் சுங்கைப் பட்டாணிக்குப் போய்த் துணியைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு, நேரே குணசுந்தரி குடியிருக்கிற தாமானுக்கு, அவள் வீட்டு வாசலுக்கே போனாள். கோபம் தணிந்து, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வாளி கவிழ்த்த கதையைச் சொல்லி, “இந்த வருஷம் பயப்படாம வா குணா,” என்றாள்.

குணசுந்தரி சிரிக்கவில்லை. துண்டை வாங்கி வாசல் குழாயில் நனைத்து, கைமேல் போட்டு இறுக்கி இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“நல்ல துணிக்கா,” என்றாள். துண்டைக் கையிலிருந்து உரித்தபடியே, “போன வருஷம் அத வெட்டறப்ப உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

துணி கொடுத்தது தலைவர் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குணசுந்தரி முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியும். கைய உள்ள விட்டுப் பாத்தேன், வளையல் தெரிஞ்சுச்சு. கோயில் வேலை மொத தடவையா கெடைச்சது. வாயத் தொறந்தா போயிருமோன்னு வெட்டிட்டேன்.”

குணசுந்தரி துண்டைப் பிழிந்து, மடித்து, அவள் கையில் வைத்தாள்.

“அந்த ஆளுக்குத் துணியப் பத்தி ஒன்னும் தெரியாதுக்கா. தெரிஞ்ச நீங்க அவரு மேல போய்த் தண்ணி ஊத்திட்டு வந்திருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.