வெள்ளை டாட்சனுக்குள் ஒரு மஞ்சள் கூரை

வாசுகி அக்கா கோத்தா திங்கியில் பள்ளி வேன் ஓட்டுகிறார். வேனில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் வண்டியை நகர்த்த மாட்டார். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தாலும் சரி, பள்ளி மணி அடித்துவிட்டாலும் சரி. "உக்காந்தாச்சா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் கியர் விழும்.

வருடக் கடைசியில் பள்ளி விடுமுறையும் அடைமழையும் ஒன்றாக வந்து சேரும். வேன் வாசலில் நனைந்துகொண்டு நிற்கும், அக்கா வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருப்பார். போன வருடம் அப்படி நடக்கவில்லை. விடுமுறை விட்ட மறுநாளே, ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டில் கட்டிய தகரக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே நின்ற பழைய டாட்சன் 120Y காரின் மேலிருந்த கித்தானை இழுத்துக் கீழே போட்டார்.

காரணம் பிரவீனா. வேன் வாங்குவதற்கு முன்னால் அக்கா அந்தக் காரில்தான் எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போனார். பின் சீட்டில் ஆறு பேர். அதில் பிரவீனா ஒருத்தி, நான் ஒருத்தி. பிரவீனா இப்போது பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையில் வேலை செய்கிறாள். தை மாதம் அங்கேயே கல்யாணம். கோயில் வாசலில் அந்த வெள்ளைக் காரிலிருந்துதான் இறங்குவேன், அக்காதான் ஓட்ட வேண்டும் என்று போனில் கேட்டிருந்தாள். அக்கா உடனே சரி என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கார் ஓடுமா என்று பார்க்கப் போனார்.

நான் அப்போதுதான் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். இரண்டாவது வாரமே வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே அலுப்பு. வாசுகிக்காவது உபயோகமாக இரு என்று அனுப்பிவைத்தார்.

ரூபேந்திரன் என்பவர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் பட்டறை வைத்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்து லாரிகள்தான் அவருக்குச் சோறு. மழையில் லாரிகள் தோட்டத்துக்குள் இறங்காததால் அவருக்கும் அந்த வாரங்களில் கை ஓய்வு. அக்கா தனக்கு என்னென்ன வேண்டும் என்று அவரிடம் சொன்னார். ஏர்கான் கட்டாயம் வேண்டும், பட்டுச்சேலையும் மேக்கப்புமாக வரும் பொண்ணு வேர்த்து வழியக் கூடாது. ஏர்கானை இழுக்கப் பழைய எஞ்சினுக்குச் சக்தி போதாது, அதனால் பெரிய எஞ்சின் வேண்டும். வேன் ஓட்டி ஓட்டி அக்காவின் வலது தோள் கெட்டுப்போயிருந்தது, அதனால் ஸ்டியரிங்கும் லேசாகச் சுற்ற வேண்டும்.

"பார்க்கப் பழசா இருக்கணும், ஓட்டப் புதுசா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

"நீங்க கார் கேக்கல. மாப்பிள்ளை தேடுறீங்க" என்றார் ரூபேந்திரன்.

எஞ்சின் வாங்க மூவரும் ஸ்கூடாய்ப் பக்கம் போனோம். ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பாதியை மட்டும் அறுத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். இங்கே அதற்கு ஹாஃப் கட் என்று பெயர். ஒரு பெரிய கிடங்கில் வரிசை வரிசையாக முகம் மட்டும் உள்ள கார்கள். விளக்கு, பானெட், ஸ்டியரிங் எல்லாம் இருந்தன, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அவற்றின் பின்பாதிகள் எங்கே போகும் என்று நான் கேட்டேன். கடைக்காரருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. பின்னாடியை யார் கேட்பார்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் ரூபேந்திரன் ஒன்றை மட்டும் நினைவூட்டினார். எஞ்சின் மாற்றினால் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தூக்கி நிறுத்தி அடியிலும் பார்ப்பார்கள். அக்கா கவலைப்படவில்லை. அந்தக் கார் ஒரு நாளும் எங்கேயும் பெரிதாக அடிபட்டதில்லை என்றார்.

எனக்குக் கிடைத்த வேலை பெயின்ட் சுரண்டுவது. முதலில் பானெட். வெள்ளைக்கு அடியில் இளநீலம் வந்தது. கார் பிறந்த நிறம் அது என்று அக்கா சொன்னார், வாங்கியபோது நீலமாகத்தான் இருந்ததாம். அடுத்து கூரைக்கு வந்தேன். முன்பக்கம் சுரண்டினேன், நீலம். நடுவில் பெயின்டுக்கு அடியில் உலோகமே வரவில்லை, ஒடுக்கு அடைக்கப் பூசும் பட்டிதான் விரல் கனத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அதைத் தாண்டிப் பின்பக்கம் சுரண்டினேன். மஞ்சள் வந்தது.

அடிப்பூச்சாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் கை நிற்கவில்லை. கூரையிலிருந்து கீழே இறங்கிப் பின் கதவுக்கு மேலே சுரண்டினேன். அங்கே கறுப்பு. மஞ்சள் கூரை, கறுப்பு உடம்பு. அந்தக் காலத்து டாக்சிகளின் நிறம் அது.

ரூபேந்திரனைக் கூப்பிட்டேன். அவர் எப்போதும் ஏதாவது கிண்டலோடுதான் வருவார். அன்றைக்குக் கூரையைப் பார்த்ததும் நேராகக் காருக்குள் ஏறினார். சீட்டுகளையெல்லாம் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த ரப்பரைக் கிழித்தார். ஒரு கதவடியிலிருந்து மறு கதவடி வரை, குறுக்கே ஒரு வெல்டிங் கோடு.

"அலமாக்" என்றார் மெதுவாக. "அக்கா, இது ஒரு கார் இல்ல. ரெண்டு கார்."

அக்கா குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து பின் சீட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அன்று முழுவதும் கேள்விகள்தான். எந்த ஊர் டாக்சி அது? மெர்சிங்கா, குளுவாங்கா? யாரையெல்லாம் ஏற்றியிருக்கும்? பின் கதவை மேலும் சுரண்டியபோது வட்டமாக ஏதோ எழுதியிருந்த தடம் தெரிந்தது. படிக்க முடியவில்லை. அக்கா எதையும் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய ஆள் சனிக்கிழமைதான் வருவார்.

அக்காவின் கணவர் வசந்தன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வருவார். அக்கா அவருக்குச் சோறு போட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கொட்டகைக்குக் கூட்டிவந்து, கொஞ்சம் அடியில் படுத்துப் பாருங்கள் என்றார். அவர் பலகையில் மல்லாந்து, டார்ச் லைட்டோடு உள்ளே நகர்ந்தார். கால் பாதங்கள் இரண்டு மட்டும் வெளியே. மேலே தகரத்தில் மழை.

அக்கா அந்தப் பாதங்களைப் பார்த்துக் கேட்டார். "பார்த்தீங்களா?"

"ம்."

"எப்போ நடந்துச்சு?"

காருக்கு அடியிலிருந்துதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வரவில்லை. அக்கா தன் அம்மாவைப் பார்க்க பத்து பாகாட் போயிருந்த சமயம், மெர்சிங் சாலையில் அவர் ஓட்டிப்போன காரைப் பலகை லாரி ஒன்று பின்னாலிருந்து இடித்துவிட்டது. பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பழைய டாக்சியின் பின்பாதி தயாராக இருக்கிறது, ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்கள். பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். அக்கா வண்டி வரும் என்று பெற்றோர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். முழுக்க வெள்ளை அடித்துக் கொண்டுவந்து, பம்பர் நசுங்கியது, அப்படியே பெயின்டும் அடித்துவிட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னால் அக்கா பிள்ளைகளை ஏற்ற மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"ஒன்னும் ஆகலையே வாசுகி. இத்தனை வருஷம் ஓடுச்சே."

"ஆகலைன்னு இன்னிக்குத் தெரியுது. ஆறு புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போன்னு சாவியைக் கையில குடுத்தீங்களே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

உள்ளே டார்ச் அணைந்தது. அக்கா, "வெளிய வாங்க, தரை ஈரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் ரூபேந்திரன் ஒரு வழி சொன்னார். வாங்கிய எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய எஞ்சினே இருந்தால் பரிசோதனை இல்லை, அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை. கோட்டின் மேல் தார் அடித்து மூடிவிட்டு, ஏர்கானை எப்படியாவது மாட்டித் தருகிறேன் என்றார். ஒரே ஒரு தடவை போய்வரத்தானே, மெதுவாக ஓட்டினால் போதும் என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அக்கா கொடுத்த வாக்கு கெடக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

அக்கா உடனே மறுக்கவும் இல்லை. இரண்டு நாள் சாயங்காலம், சீட்டில்லாத காரில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை என்னைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். "எந்திரி, எந்திரி" என்று உடனே சொல்லிவிட்டார்.

அன்றைக்கே பிரவீனாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நடந்ததைக் கேட்டு அவள் முதலில் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்தா டாக்சி, முன்னால் உட்கார்ந்தா சொந்த வண்டி, நல்லாத்தானே இருக்கு என்றாள். அக்கா சிரிக்காததும் அவள் குரல் மாறியது. போட்டோ எடுப்பவரிடம் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும், இப்போது போய் வராது என்றால் எப்படி என்று கேட்டாள்.

"நாங்க ஆறு பேரு அதுலதானே வந்தோம் அக்கா. ஒன்னும் ஆகலையே."

"எனக்குத் தெரியாம ஏத்துனது போதும்மா. தெரிஞ்சு ஏத்த மாட்டேன்."

பிரவீனா சரி என்று சொல்லவில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு வாடகைக் கார்தான் வந்தது. அக்கா போயிருந்தார். பிரவீனா அவரிடம் நன்றாகத்தான் பேசினாள், ஆனால் பழைய செல்லம் அதில் இல்லை. அது அக்காவுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

கித்தானை மறுபடி போட்டு மூடிவிடுவார் என்று நினைத்திருந்தேன். கல்யாணம் முடிந்த வாரமே ரூபேந்திரனைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டிலேயே அறுத்துவிடு என்றார். ரூபேந்திரனுக்கு மனசே இல்லை. கொட்டகையில் சும்மா நிற்கட்டுமே, சோறா கேட்கிறது என்றார்.

"நான் போன பிறகு நீயே நல்லா பெயின்ட் அடிச்சு வித்துருவே. வாங்குறவன் பொண்டாட்டி, புள்ளைங்களை ஏத்துவான்" என்றார் அக்கா.

வேறு யோசனையும் அவருக்கு இருந்தது. குளுவாங்கில் ஒரு சீனரின் தோட்டத்தில், எஞ்சின் இல்லாத 120Y ஒன்று முழு உடம்போடு நிற்கிறதாம். வேறு கார், வேறு நம்பர். அதற்கு ஸ்கூடாய் எஞ்சினைப் போட்டு, ஒழுங்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதன் முன் கதவுகளும் டேஷ்போர்டும் அதற்குப் போகும். அதை அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றார்.

வசந்தன் அண்ணனும் அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார். அறுக்கும் சத்தம் கொட்டகைக்குள் தாங்க முடியவில்லை. கடைசித் துண்டு விடும் சமயத்தில் பின்பாதி சாயத் தொடங்கியது. அண்ணன் ஓடிப்போய் அதைத் தாங்கிப் பிடித்தார்.

"விடுங்க" என்றார் அக்கா. "கையைக் கிழிச்சுக்காதீங்க. விழட்டும்."

அவர் விட்டார். பின்பாதி மண்ணில் சரிந்து உட்கார்ந்தது. நான் ஓடிப்போய் அறுத்த விளிம்பைப் பார்த்தேன். வெள்ளை, அதற்கடியில் மஞ்சள், பிறகு தகரம். ரூபேந்திரனும் குனிந்து விளிம்பில் மிச்சமிருந்த வெல்டிங்கைப் பார்த்தார், சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டினார். ஒரு பொட்டுத் துரு இல்லை.

"செஞ்சவன் நல்ல வேலைக்காரன்கா. இன்னும் முப்பது வருஷம் தாங்கியிருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் அக்கா. பிறகு அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தார்.