நாப்கின் நோட்டு

கீரனூர்ப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி விடுதியில் இன்னாசியம்மாள் பதினாறு வருஷமாக ஆயா. கேட்டைப் பூட்டுவாள், காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் கஞ்சி வைப்பாள், மாசாமாசம் நாப்கின் பாக்கெட் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குவாள். இருப்பு சரிபார்க்கத்தான் அந்த நோட்டு. ஆனால் இரண்டு மாசம் கையெழுத்துப் போடாத பிள்ளையை அவள் பார்க்கிற பார்வையே வேறு. "ஊருக்குப் போனப்ப வந்துருச்சு ஆயாம்மா" என்று யார் சொன்னாலும், போன தேதியை மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

ஆகஸ்டு கடைசியில், கருக்கலைப்பை எதிர்க்கும் வெளியூர் அமைப்பு ஒன்று மெஸ்ஸுக்குப் போகிற வழியில் ஆளுயரப் படங்களை நிறுத்தி வைத்தது. கலைக்கப்பட்ட கருக்கள். கை தனியாக, கால் தனியாக, ரத்தத்தில். சாப்பிடப் போகும் பிள்ளைகள் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு கடந்தார்கள்.

"இன்னைக்கு முட்டைக் கொழம்பாம்டி."

"நீயே தின்னு."

கருவைக் கலைப்பது பாவம் என்றுதான் இன்னாசியம்மாளும் நம்பினாள். பங்குச்சாமியார் சொன்னதை மறுத்துப் பேசியவளும் இல்லை. ஆனாலும் 'பன்னிரண்டு வாரம்' என்று எழுதியிருந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அவளுடைய இரண்டாவது பிள்ளை அஞ்சாம் மாசத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. துணியில் சுற்றி நர்ஸ் காட்டியபோது பார்த்திருக்கிறாள். இதே வளர்ச்சிதான்.

படங்களுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வசந்தகுமாரிடம் போனாள். அந்த அமைப்பின் ஆள். நல்ல மரியாதையான பையன்.

"தம்பி, அது மூணு மாசமில்ல. அஞ்சு மாசம்."

"படம் டாக்டருங்க குடுத்ததும்மா."

"எந்த டாக்டரு?"

அவன் சிரித்துக்கொண்டே, 'கருவைக் கலைக்க மாட்டேன்' என்று பிள்ளைகள் எழுதித் தரவேண்டிய உறுதிமொழித் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். பெயர், வகுப்பு, போன் நம்பர், அப்பா போன் நம்பர்.

"அப்பா நம்பர் எதுக்கு?"

"ஒரு தொடர்புக்குத்தாம்மா."

மேற்கொண்டு கேட்பதற்குள் பின்னால் தட்டு விழுகிற சத்தம். இரண்டாம் வருஷம் படிக்கும் ரம்யா மயங்கிக் கிடந்தாள்.

சாயங்காலத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. இத்தனை பேர் பார்த்தார்கள், இவள் மட்டும் ஏன் விழுந்தாள்? துணை வார்டன் தேவிப்ரியா மிஸ் விடுதிக்கே வந்துவிட்டார்.

"ரம்யா கடைசியா எப்ப பேடு வாங்குனா? காலையில நோட்ட எடுத்துக்கிட்டு வாங்க. இந்த மாதிரி பிள்ளைங்கன்னா வீட்டுக்குச் சொல்லணும்னு வசந்தகுமார் சொல்றாரு."

ரம்யாவின் அப்பா கொடும்பாளூரில் விவசாயம். ஒரு போன் போனால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனில் வந்த ஒரு மெசேஜுக்காக மூத்த மகளின் படிப்பைப் பிளஸ் டூவோடு நிறுத்தியவர்.

இன்னாசியம்மாள் நோட்டைப் புரட்டினாள். ஜூனில் கையெழுத்து இருந்தது. ஜூலையில் இல்லை, ஆகஸ்டிலும் இல்லை. ரம்யா படுத்திருந்த அறைக்குப் போனாள்.

"ஏம்மா, நாள் தள்ளிப்போச்சா ஒனக்கு?"

"எதுக்குக் கேக்குறீங்க? யார் கேக்கச் சொன்னாங்க?" என்று ரம்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் தேவிப்ரியா மிஸ் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "ரெண்டு மாசமா இல்ல."

"குடுத்தேன் மிஸ். கையெழுத்து வாங்கல."

"மத்தவங்ககிட்ட வாங்கியிருக்கீங்க?"

"பாதிக் கையெழுத்த நாந்தான் போட்டுக்குவேன். அந்த நோட்ட நம்பாதீங்க."

"பதினாறு வருஷமா ஒரு பாக்கெட் கொறஞ்சதில்லன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"சொல்லிக்கிட்டேன்."

மிஸ் அவள் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் நம்ப முடியாத நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட முடியாது.

"இப்ப சொன்னத எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். ஸ்டோர் சாவி அன்றைக்கே கைமாறியது. ஆயா பாக்கெட்டுகளைக் கீரனூர் கடையில் விற்றிருக்கிறாள் என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவள் பரிமாறினால் சில பிள்ளைகள் வாங்காமல் வரிசை மாறி நின்றார்கள். படங்கள் அடுத்த கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

பத்து நாள் கழித்து ரம்யா வந்தாள், குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து.

"நாந்தான் வாங்கவே இல்லையே. குடுத்தேன்னு ஏன் சொன்னீங்க?"

அந்தக் குரலில் நன்றி இல்லை. பதிலுக்கு ஆயா என்ன கேட்கப்போகிறாளோ என்கிற உஷார்தான் இருந்தது. இன்னாசியம்மாளுக்குக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. நெசமாவே என்ன? உடம்புக்கா, வேறயா? கேட்டால் இந்தப் பிள்ளை சொல்லிவிடவும் கூடும்.

"சோறு முடியப்போகுது. போய்ச் சாப்புடு" என்றாள்.

ரம்யா நடந்தாள். மெஸ்ஸுக்குத் திரும்பும் வளைவு வரைக்கும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், ஆயா பின்னாலேயே வருகிறாளோ என்று.