கதவம்மாவும் வெளிப் பெஞ்சும்

நகரமன்றக் கட்டடத்தில் அவளுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. கதவம்மா என்றால்தான் தெரியும். பார்த்த வேலை அப்படி. மன்றக் கூட்டத்தில் ஒரு விஷயம் பேச்சுக்கு வரும்போது அதில் ஓர் உறுப்பினருக்கோ அவர் வீட்டாருக்கோ ஆதாயம் இருந்தால், அவர் எழுந்து அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். பேச்சும் ஓட்டும் முடியும்வரை நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறைத்து ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். இதைக் கவனிக்கும் அதிகாரி அவள். கூட்டம் நடக்கும்போது கதவுப் பிடியில் கை வைத்தபடி நிற்பாள். எழுந்தவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவாள்.

அவள் வருவதற்கு முன்னால் அந்தக் கதவு ஒப்புக்குத்தான் இருந்தது. எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். பெஞ்சும் கதவை ஒட்டியே கிடக்கும். வெளியே போன ஆசாமி அதில் சாய்ந்துகொண்டு இருமுவார். ஒற்றை இருமல் என்றால் ஒத்துக்கொள், தொடர் இருமல் என்றால் தள்ளிப்போடு. உள்ளே இருக்கும் கூட்டாளிக்கு எல்லாம் விளங்கும். வேலைக்கு வந்த புதிதில் இந்த இருமலைக் கேட்டவள், மறுநாளே பெஞ்சை நடைக்கூடத்தின் அடுத்த கோடிக்கு, ஜன்னலடிக்கு, தானே இழுத்துப் போட்டாள். கதவை முழுசாகச் சாத்தினாள். அத்தோடு மன்றத்தில் எல்லாருக்கும் சளி குணமாகிவிட்டது.

பம்புசெட் வாங்கும் விஷயம் பேச்சுக்கு வந்தபோது, மருமகன் பம்புசெட் விற்கிறவர் என்பதற்காக அப்போதிருந்த தலைவரையே எழுப்பி அனுப்பியவள் அவள். “நான் தலைவர்ம்மா” என்றார் அவர், நம்பமுடியாமல். “வெளியவும் தலைவராவே உக்காந்திருங்க சார்” என்றாள்.

இத்தனை செய்தும் அவளை யாரும் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. கதவைத் திறப்பவளுக்கே நன்றி சொல்ல ஆளில்லை, சாத்துகிறவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை, தங்கை அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்கும்வரை.

சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் தங்கையைப் பாடச் சொல்வார்கள், அக்காவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். பாட்டு முடிந்து எல்லாரும் கைதட்டும்போது அக்காவின் கையில் தட்டு இருக்கும், தட்டின் மேல் டம்ளர்கள் இருக்கும். அக்கா விழுந்து விழுந்து படித்தாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குத் தேர்வு எழுதிக் கிடைத்தது இந்த வேலை. தங்கைக்கோ தேடி வந்து அமைந்தார் கட்டடச் சாமான் வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை. வீடு அமைந்தது. போதாதென்று பதவியும் அமைந்தது. தேர்தலுக்கு நின்ற அம்மாள் கடைசி நேரத்தில் உடம்பு முடியாமல் விலகிவிட, “நீங்க நில்லுங்களேன்” என்று யாரோ சொல்ல, இவள் “நிக்கட்டுமா?” என்று சிரித்துக்கொண்டே நின்றாள். ஜெயித்தும் விட்டாள்.

அவள் உறுப்பினராக வந்த முதல் நாள் வாசல் காவலாளி எழுந்து நின்றான். கதவம்மாவுக்கு அவன் ஒருநாளும் எழுந்ததில்லை, மூட்டுவலி என்பான். அன்று அந்த மூட்டுவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கதவம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது. பொறாமைதான், சுத்தமான பொறாமை.

ஆனாலும் வேலையில் அவள் சுத்தம். அன்றைக்கே தலைவரிடம் போய், “அவங்க என் கூடப்பொறந்த தங்கச்சி சார். அவங்க சம்பந்தப்பட்ட எதையும் நான் பாக்கக் கூடாது. உதவி அதிகாரி பாக்கட்டும்” என்றாள்.

இப்போதைய தலைவர் கிண்டல்காரர். “பாசம் கண்ண மறைச்சிடும்னு பயப்படறீங்களா கதவம்மா?” என்று சிரித்தார்.

இப்படி இருக்கையில், நடைபாதைகளுக்குக் கல் பதிக்கும் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. போட்டியிட்ட கம்பெனிகள் அனுப்பிய மாதிரிக் கற்களை, பெயர் போடாமல், மன்ற மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் ஒன்று சாம்பல் நிறம். மழையில் வழுக்காமலிருக்க மீன் செதிள் மாதிரி வரி போட்டிருந்தது. இப்படியொரு கல்லை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. கை கழுவப் பின்கட்டுக்குப் போன கதவம்மா அப்படியே நின்றாள். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். சாம்பல் நிறம், செதிள் வரி.

“இது ஏதுடி கல்லு?”

“அதுவா? அவரும் அவர் ஃப்ரெண்டும் சேர்ந்து புதுசா போடறாங்க. பேரு மட்டும் ஃப்ரெண்டு பேருல இருக்கு. நல்லா இருக்குல்ல?” என்றாள் தங்கை, தோசைக்கல்லைப் பற்றிப் பேசுவதுபோல.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றாள் அக்கா. திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள். “இன்னும் கொஞ்சம் போடு” என்று தட்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

“பாவம், தெரியாம மாட்டிக்கப் போறா. ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்.”

“அவ விஷயத்துல நான் தலையிடக் கூடாது. விதி.”

“அதிகாரியா சொல்லாத. அக்காவா சொல்லு.”

“அதுக்கும் விதி இருக்கு.”

அப்படி ஒரு விதி இல்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கண்டதை உதவி அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும். சொன்னால் அவர் தங்கையைக் கேட்பார், தங்கை ஒப்புக்கொள்வாள், எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டுப் பதவியோடு திரும்பி வருவாள். அப்படித் தப்பிக்கக் கூடாது. கையைத் தூக்கி ஓட்டுப் போடட்டும். அதற்குப் பிறகு கல்லைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். காவலாளிக்கு மூட்டுவலி திரும்பி வரட்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் உறுப்பினர்கள் எல்லாருக்கும் போன் செய்து, “நாளைக்கு வர்ற விஷயத்துல உங்களுக்கோ வீட்டாருக்கோ ஏதாவது ஒட்டு உறவு இருக்கா?” என்று கேட்பது அவள் ஏற்படுத்திய வழக்கம். தங்கைக்கு மட்டும் உதவி அதிகாரி கேட்பார். அவர் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சிரித்தபடி போனை வைத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் இப்படிச் சிரிப்பாரா? கதவம்மாவுக்கு மனசு குளிர்ந்தது.

மறுநாள் கூட்டம். கதவுப் பிடியில் கை வைத்து நின்றாள். கல் விஷயத்தைத் தலைவர் வாசிக்கத் தொடங்கியதும் உள்ளங்கை வியர்த்து, பித்தளை வழுக்கியது. தங்கை புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். உட்காரு, உட்காரு, என்று கதவம்மாவின் மனசு கெஞ்சியது.

தங்கை எழுந்தாள். “தலைவர் அவர்களே, இந்தக் கம்பெனிகள்ல ஒண்ணுல என் வீட்டுக்காரர் பங்கு. உதவி அதிகாரிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். நான் வெளிய இருக்கேன்.”

கதவம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கை மட்டும் பழக்கத்தில் கதவைத் திறந்தது.

“அப்போ நீங்களும் வெளிய போகணுமே கதவம்மா” என்றார் தலைவர். “தங்கச்சி விஷயம் ஆச்சே. நீங்க சொன்னதுதானே?” சபை சிரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அந்தக் கதவை வெளிப்பக்கம் நின்று சாத்தினாள்.

பெஞ்சில் ஒருவர் தாராளமாக உட்காரலாம். இருவர் என்றால் தோள் இடிக்கும். கொஞ்ச நேரம் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்” என்றாள் அக்கா.

“சொல்றதா இல்லதான். அவர் பேரு எங்கயும் இல்ல, யாரு கண்டுபிடிக்கப் போறான்னு விட்டிருப்பேன்.”

“அப்புறம் என்ன?”

“நீ சாப்பிட்டியே.”

“என்னடி சொல்ற?”

“எங்க வீட்ல நீ என்னிக்காவது ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கியா? போதும் போதும்னு தட்ட மூடிக்குவ. அன்னிக்கு அந்தக் கல்லப் பாத்துட்டு வந்து, இன்னும் கொஞ்சம் போடுன்ன. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவ்வளவு சந்தோஷமா உன்ன நான் பாத்ததே இல்லக்கா.”

கதவம்மா ஜன்னலைப் பார்த்தாள். கீழே காவலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஜாக்கிரதையா இருடின்னு?”

“விதிப்படி உன் விஷயத்துல நான்...”

“அக்கா.”

“சரி. நீ மாட்டணும்னுதான் இருந்தேன்” என்றாள் அக்கா. “பாசத்துல உனக்குச் சலுகை குடுத்துடுவேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. உன்னக் கவுத்துடுவேன்னு ஒருத்தருக்கும் தோணல. உனக்கு எல்லாம் கேக்காமலே வருதுடி. எனக்குத் தாங்கல.”

தங்கை அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. “தெரியும். உன் சட்டத்துக்கெல்லாம் நான் பயப்படலக்கா. உன் வயித்தெரிச்சலுக்குத்தான் பயந்தேன்” என்றாள்.

உதவி அதிகாரி கதவைத் திறந்து கூப்பிட்டார். வேறொரு கம்பெனியின் கல் தேர்வாகியிருந்தது. தங்கை வீட்டுக்காரருக்கு அது பெரிய அடி, ஆனாலும் அவள் முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தாள். கதவம்மா தன் இடத்தில் நின்றாள்.

“புது உறுப்பினர் நமக்கெல்லாம் பாடம் சொல்லிட்டாங்க” என்று தலைவர் தொடங்கினார். “கண்டுபிடிக்க ஆளில்லாத இடத்துலகூடத் தானா எழுந்து சொன்னாங்க பாருங்க, அதுதான் நேர்மை.” சபை கைதட்டியது. இத்தனை காலம் கதவைக் காத்தவளுக்கு ஒரு தட்டு இல்லை, ஒரு தடவை எழுந்தவளுக்கு மன்றமே தட்டுகிறது. தட்டும் டம்ளருமாக நின்ற பழைய எரிச்சல் திரும்பி வந்தது. பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை மறுபடி எழுந்தாள். “இந்தப் பாராட்டு எனக்கு இல்லைங்க. எங்க அக்காவுக்குத்தான். அவங்க இல்லன்னா சத்தியமா நான் எழுந்திருக்கவே மாட்டேன்.”

நேராக அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்பா, குத்தலா என்று அக்காவுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சபை முழுக்கத் திரும்பிக் கதவைப் பார்த்தது. கைதட்டல் இந்தத் தடவை இன்னும் பலமாக வந்தது. “அக்கான்னா இப்படி இருக்கணும்” என்று யாரோ சொன்னார்கள். தலைவர்கூட எழுந்து நின்று தட்டினார். எத்தனையோ வருஷமாக ஏங்கிக் காத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அவள் பிடியைத் திருகிக் கதவைத் திறந்தாள்.

“யாரும்மா வெளிய போறாங்க?” என்றார் தலைவர்.

“நான்தான் சார். இதுல எனக்கு ஆதாயம் இருக்கு.”

கதவை முழுசாகச் சாத்திவிட்டு, நடைக்கூடத்தின் கோடிவரை நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.