சூட்டுக் கொப்புளம்

அக்காவுக்கு உதட்டில் கொப்புளம் வந்தால் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். மறைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. கீழுதட்டின் இடது ஓரத்தில் முதலில் குறுகுறுக்கும். அடுத்து சின்னச் சின்ன நீர்முத்துகள் கொத்தாகக் கிளம்பும். உடைந்து பொருக்குத் தட்டும். அந்த உதட்டோடுதான் காலையில் வந்து பர்னரைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாயைச் சுடரில் உருட்டத் தொடங்குவாள்.

ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்யும் பட்டறை அது. அவளைவிட மூத்தவர்களும், ஏன் முதலாளியுமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆவியைக் குளிரவைக்கிற சுருள் வைத்த கண்டன்சர் செய்ய அவளை விட்டால் ஆள் இல்லை. பெரிய குழாய்க்குள் சுருள் குழாயை நிறுத்தி இரண்டு முனையையும் ஒட்டி மூட வேண்டும். கண்ணாடி இளகி நிற்கும்போது ரப்பர்க் குழாய் வழியாக உள்ளே ஊதுகிற மூச்சு கொஞ்சம் கூடினால் பலூன் மாதிரி உப்பிவிடும். குறைந்தால் சுருங்கிக் குப்பைக்குப் போகும். அவள் செய்தது குப்பைக்குப் போவது அபூர்வம். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. அதையும் அவள் மறைத்ததில்லை.

உதட்டில் வருவது சூட்டுக் கொப்புளம் என்பது பட்டறையின் ஏகமனதான தீர்ப்பு. நாளெல்லாம் நெருப்பின் முன்னால் நிற்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அதற்கேற்ற வைத்தியமும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

"பேஸ்ட் தடவுங்கக்கா, ஜில்லுன்னு இருக்கும்."

"தடவினேன். உதடு வெடிச்சு ரெண்டாப் போச்சு."

"அப்போ பூண்டை நசுக்கி வையுங்க."

"அதையும் வச்சாச்சு. கொப்புளம் அப்படியே சௌக்கியமா இருந்துச்சு, பக்கத்துத் தோல்தான் வெந்து உரிஞ்சுது. இனிமே எனக்கு வைத்தியம் சொல்றவன் முதல்ல தன் உதட்டுல தடவிக் காட்டணும்."

கடைசியில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது மூன்றே: துணியில் சுற்றிய ஐஸ் கட்டி, கற்றாழைச் சோறு, ஊதும்போது பொருக்கு வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் வாசலின்.

அவளோடு ஜோடி சேர்ந்து வேலை செய்தவனை நெட்டை என்பார்கள். நீளமான உருப்படியை ஒரு ஆளால் சமாளிக்க முடியாது. ஒருவர் சுடரில் திருப்ப, மற்றவர் முனையை ஒட்டுவார். அந்த நெட்டைக்கும் ஒருநாள் உதட்டில் கொத்தாகக் கிளம்பியது. "வாடா, நீயும் நெருப்புக்குப் பொறந்தவன்தான்" என்று அக்கா சிரித்தாள். அவனும் பதக்கம் வாங்கியவன் போல, 'அக்காவுக்கு வர்றதேதான்' என்று அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வினை அங்கே தொடங்கியது. அவன் மனைவி மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு கேட்டாள். கடைக்காரர் நல்ல மனிதர். களிம்போடு விளக்கமும் கொடுத்தார். இது சூட்டால் வருவதில்லை, கிருமி. எச்சிலிலும் தொடுவதிலும் ஒட்டும். ஒரே டம்ளர், ஒரே துண்டு, முத்தம் எல்லாம் ஆகாது. ஒருமுறை உள்ளே போனால் போகவே போகாது, வெயில், காய்ச்சல், அலுப்பு என்று ஏதாவது சாக்கில் தலைகாட்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

வீட்டில் யாருக்கும் இல்லை. யாருக்கு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றாள் அக்கா.

"உள்ள வர்றதுக்கு வரல. உங்க உதட்டைப் பாக்கத்தான் வந்தேன்."

அக்கா முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "பாத்துக்கோ. இடது ஓரம்."

"அவருக்கும் இடது ஓரம்தான். இது எச்சில்ல ஒட்டுற வியாதியாம். எனக்கு இல்ல, அத்தைக்கு இல்ல. அப்புறம் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

பர்னர்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. நெட்டை, "வீட்டுக்குப் போ, வந்து பேசிக்கலாம்" என்று முனகினான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களை நான் கேக்கல."

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி இப்படியொரு பேச்சு கிளம்பினால், அது எந்தக் கண்ணாடியைவிடவும் சீக்கிரம் உப்பும். இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்து வந்த வாசல் இது. நாளை முதல் இதில் எப்படி நுழைவது? காதுமடல் சிவந்துவிட்டது. 'சூட்டுக் கொப்புளம்மா, இங்க எல்லாருக்கும் வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொத்தப் பட்டறையும் ஆமாம் போட்டுக் காப்பாற்றிவிடும். வாயைத் திறக்கப் போனவளின் கண் மேசைமேல் கிடந்த ரப்பர்க் குழாயில் விழுந்தது. அதன் நுனியில், பல்தடம் பதிந்த ஒரு வாய்த்துண்டு.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மாட்டிக்கிட்டு உக்காரு. பாத்துட்டு நீயே சொல்லு. டேய் நெட்டை, பிடிடா."

பாதியில் நின்றிருந்த கண்டன்சரைச் சுடருக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி ஆரஞ்சாகி இளகியது. அக்கா ரப்பர்க் குழாயின் நுனியை வாயின் இடது ஓரத்தில் கடித்து, மூச்சை நூல்போல விட்டாள். ஒரு முனை மூடியது. மறுமுனைக்கு நெருப்பு போனதும் அவள் இரண்டு கையும் உருப்படியில் மாட்டிக்கொள்ள, நெட்டை குனிந்தான். அவள் வாயிலிருந்து நழுவிய நுனி, தரையைத் தொடுமுன் அவன் வாயின் இடது ஓரத்துக்குப் போனது. துடைக்க நேரமில்லை. துடைத்திருந்தால் சுருள் சாய்ந்திருக்கும்.

சுடரை அணைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"உன் வீட்டுக்காரனுக்கு இதைக் குடுத்தது நான்தான். இந்தக் குழாய் வழியா. நெருப்புன்னு நெனச்சு இத்தன காலம் பெருமையாத் திரிஞ்சோம். தப்பு எங்க மேலதான், ஆனா நீ நெனச்ச தப்பு இல்ல."

அவன் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. குனிந்து அந்த வாய்த்துண்டைப் பார்த்தாள். பிறகு, "ஒரு டம்ளர் தண்ணியக் கூட வாய் வச்சுக் குடிக்க மாட்டேன்னு வீட்ல அவ்வளவு ஆசாரம் பேசுவாரு" என்றாள். யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். "குறுகுறுன்னு வர்றப்பவே போட ஆரம்பிக்கணுமாம். வெடிச்சப்புறம் போட்டா பெருசாக் கேக்காதாம். ஆளுக்கொரு ட்யூப் வச்சுக்கணும். இது உங்களுக்குக்கா, அவருக்கு வேற வாங்கிக்கறேன்."

அன்றைக்கே அக்கா உட்கார்ந்து ஆளுக்கொரு வாய்த்துண்டு கண்ணாடியில் செய்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற வளையம். சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். வாய் மாறும் இடத்தில் வாய்த்துண்டையும் மாற்ற வேண்டியிருந்ததால் வேலை முதலில் தடுமாறியது. சில உருப்படிகள் குப்பைக்கும் போயின. அவளுடையதும் ஒன்று போனது. போகட்டும் என்றாள்.

பல வருஷம் கழித்து, இறந்துபோன அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நெட்டையின் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்காவை அவ்வளவாகத் தெரியாத உறவுக்காரி ஒருத்தி, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் உதட்டுல அப்பப்போ ஒரு கொப்புளம் வரும்" என்றாள் இவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில். "அது இவங்க குடுத்தது."

உறவுக்காரி திகைத்துப் போய்ப் பார்த்தாள். இவள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.