சுலோசனா வீட்டுத் தோட்டத்தில் இலை மக்காது

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் பக்கத்து வீட்டு சுலோசனாவுக்கு சாமி பக்தியைவிட ஆசிட் பக்தி அதிகம். சைக்கிளில் ஆசிட் விற்கிறவர் எங்கள் தெருவில் நின்றால், அது அவள் வாசலில்தான். கக்கூசுக்கு ஊற்றி மிஞ்சியது தோட்டத்துக்குப் போகும். பூரான் வரக்கூடாதாம், புல் முளைக்கக்கூடாதாம். உதிர்ந்த வேப்பிலை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். "எங்க தோட்டத்துல குப்பகூட மக்காதுடி, அவ்ளோ சுத்தம்" என்று பெருமை வேறு.

2006 கோடையில் அவளுடைய கறிவேப்பிலை மரம் மஞ்சளாகிக் காய்ந்தது. மல்லிகையும் பின்னாலேயே போனது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருந்த கன்னியம்மாள் கருவாடு விற்கிறவள். கருவாட்டுக் கூடை கழுவின உப்புத் தண்ணீர்தான் மரத்தைக் கொன்றது, ஆடிக்கு முன்னால் வீட்டைக் காலி செய் என்று சுலோசனா சொல்லிவிட்டாள். கன்னியம்மாள் அந்தத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில்தான் கொட்டுவாள். யார் கேட்டார்கள்? கருவாடு விற்கிறவள் என்றதும் கதவைச் சாத்துகிற ஊரில் அவளுக்கு அடுத்த வீடு எங்கே கிடைக்கும்?

கன்னியம்மாளின் மகள் கலைவாணி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்குப் போகாமல், தோட்டத்து மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து வந்து விளக்கினாள். மண்ணில் உப்பு ஏறவில்லை, ஆசிட்டின் புளிப்புதான் ஏறியிருக்கிறது. அந்த இடத்தில் முன்பு தகர வாளிக்கு முலாம் பூசுகிற பட்டறை இருந்தது. அங்கே சிந்திய துத்தநாகம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது. ஆசிட் ஊற்ற ஊற்ற அது மண்ணை விட்டுத் தண்ணீரில் கரைந்து வேரில் ஏறிவிட்டது. இலையை மக்க வைக்கிற கிருமிகளும் முக்கால்வாசி செத்துவிட்டன.

"கிருமி செத்தா நல்லதுதானடி?" என்றாள் சுலோசனா.

"அதுங்கதான் அத்தை மண்ணுக்கு சோறு ஆக்குறது. சமைக்கிறவளக் கொன்னுட்டு பந்தி விரிச்சா எப்படி?"

ஆசிட்டை நிறுத்திவிட்டு, அளவாகச் சுண்ணாம்பும் மாட்டெருவும் போட்டால் துத்தநாகம் பழையபடி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். போய்விடாது, ஆனால் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் என்றாள் கலைவாணி. சுலோசனா அன்று மாலையே தெரு முழுக்கச் செய்தி சொல்லிவிட்டாள்: எல்லாம் அந்தப் பட்டறைக்காரன் செய்த பாவம்.

அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தவர்கள் இந்தத் தெருவுக்குப் புதுசாக இருக்க வேண்டும். மறுநாள் கன்னியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்கட்டுக்கு வந்து நின்றாள்.

"மூட்ட எதுக்குக் கட்டுற? ஒம் பொண்ணு சுண்ணாம்பு போடச் சொல்லிட்டா. எவ்ளோ போடணும்னு எனக்குத் தெரியுமா? அவ இருந்து போடட்டும்."

கன்னியம்மாள் சாக்கை அவிழ்த்து, மேலாக இருந்த குண்டானை எடுத்து அடுப்பில் வைத்தாள்.