கிளிட்டஸ் கண்ணால சொன்ன பீரு

ரியாத்துல பத்தா பக்கம் எங்க கேம்ப் மெஸ்ல சமையலு கிளிட்டஸ் அண்ணாச்சி. ஊரு குளச்சல். அவருக்கு மூக்கு செத்துப்போயி சில வருஷம் ஆச்சு. ஊரையே ஆட்டுன அந்தக் காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கூட்டிட்டுப் போயிருச்சு. இது அப்ப எங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு ரகசியம் வயித்துல தங்காது.

ருசி தெரியாத சமையல்காரன விசா குடுத்த முதலாளி, அந்த கஃபீல், வச்சுக்குவானா? எக்ஸிட் அடிச்சு ஊருக்கே அனுப்பிருவான். ஊர்ல மக ஜிஷா நர்சிங் படிக்குது. அதனால மனுஷன் கண்ண வச்சே பொழப்ப ஓட்டுனாரு. வெங்காயம் செவக்கறதும் எண்ணெ பிரியறதும் கண்ணுக்குத் தெரியுமே. உப்புக்கு மட்டும் அளவு பாக்க ஒரே கரண்டி. அத எவன் தொட்டாலும் கெட்ட வார்த்ததான்.

எங்க ரூம்ல திருட்டு வேல ஒண்ணும் நடக்கும். தூத்துக்குடிக்காரன் பர்னபாஸு, ஏசி மெக்கானிக்கு. கடையில விக்கிற போதையில்லாத மால்ட் தண்ணிய வாங்கி, ஈஸ்ட்டும் சீனியும் போட்டு கட்டிலுக்கு அடியில பீரா ஆக்கிருவான். பாட்டில்ல ஒண்ணும் எழுத மாட்டான், செக்கிங் வந்தா ஜூஸுன்னு சொல்லணும்ல. கடைசியில எதுல என்ன போட்டோம்னு அவனுக்கே மறந்துரும்.

அங்கதான் கிளிட்டஸுக்கு மவுசு. முன்னால துபாய் ஹோட்டல் கிச்சன்ல இருந்தவராச்சே. வெள்ளிக்கிழம மத்தியானம் கிளாஸ ஜன்னலுக்கு நேரா பிடிப்பாரு.

"தெளிஞ்சு வைக்கோல் நெறத்துல இருக்கு, லாகர் பீரு. இது கட்டஞ்சாயா மாதிரி கறுப்பு, பேரீச்சம்பழத்தக் கருக்கிப் போட்டிருக்கான், ஸ்டவுட்டு பீரு."

நாங்க குடிச்சுப் பாத்தா பெரும்பாலும் சரியா இருக்கும். குடிக்காமலே சொல்றாரேன்னு வாயப் பொளப்போம். குடிச்சாலும் அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்னு யாரு கண்டா?

கிறிஸ்மஸுக்கு முந்தின வெள்ளிக்கிழம கேம்ப் சூப்பர்வைசர் விஜயபாஸ்கரும் ரூமுக்கு வந்திருந்தாரு. மதுரக்காரரு, நல்லா குடிப்பாரு. கிளிட்டஸு பாட்டில் வரிசையிலேர்ந்து ஒண்ண எடுத்து ஊத்துனாரு. மஞ்சளா கலங்கி, மேல பஞ்சு மாதிரி நுரை.

"நுரை நிக்கறதப் பாத்தீங்களா சார்? கோதும பீரு. எலுமிச்சத் தோலு போட்டிருக்கான் பய."

விஜயபாஸ்கர் கிளாஸ மூக்குகிட்ட கொண்டுபோனவரு அப்படியே நிறுத்திட்டாரு. "அண்ணே, நீங்க முதல்ல குடிங்க."

கிளிட்டஸு ஒரு மடக்கு முழுங்குனாரு. மீசையில நுரை. "புளிப்பு அளவா இருக்கு," அப்படின்னாரு.

பர்னபாஸு பாத்ரூம்லேர்ந்து ஓடி வந்தான். "அண்ணாச்சி, துப்பும். பாட்டில் கழுவ ஊறப் போட்ட சோப்புத் தண்ணிவே அது."

நாங்க சிரிச்ச சிரிப்புல கட்டிலு ஆடுச்சு. "உள்ள பூராம் பளபளன்னு இருக்கும்," அப்படின்னேன் நான். விஜயபாஸ்கர் மட்டும் சிரிக்கல.

"வாசல் வரைக்கும் சோப்பு வாசன அடிக்குது. உங்களுக்கு அடிக்கலயா?"

சிரிப்பு நின்னுபோச்சு. கிளிட்டஸு துண்டால வாயத் தொடச்சாரு. தொடச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் தொடச்சாரு.

"எப்பேர்ந்து?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து சார்."

"அப்ப மெஸ்ல எப்படி?"

"கண்ணு இருக்குல்லா." தலை நிமிரல. "மேல சொல்லிராதீங்க சார். புள்ள படிக்குது."

விஜயபாஸ்கர் செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு மிச்ச பாட்டில யாரும் தொடல.

மறுநாளு மெஸ்ல சோத்துக்கு வரிசையில நிக்கறோம். விஜயபாஸ்கர் நேரா அடுப்புகிட்ட போனாரு. கிளிட்டஸு தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சாரு, கிளம்பச் சொல்லுவாருன்னு நெனச்சிட்டாரு போல. விஜயபாஸ்கர் சாம்பார உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்துட்டு, "உப்பு பத்தல. இனிமே தெனமும் ஒருத்தர் ருசி பாத்த பெறகு பரிமாறுங்க," அப்படின்னாரு. வேலை தப்பிச்சது. ஆனா வரிசையில நின்ன அம்புட்டு பேரும் கேட்டுட்டானுங்க, ரகசியம் போச்சு. தமிழ் தெரியாத பெங்காலிகூட பக்கத்துல நின்னவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டான்.

கிளிட்டஸு காது மடலு வரைக்கும் வேர்த்திருச்சு. வரிசையில முன்னால நின்னது நானு. யாரையும் தொட விடாத அந்த உப்புக் கரண்டிய என் பக்கம் நீட்டுனாரு, முகத்த அடுப்புப் பக்கம் திருப்பிக்கிட்டு.